ஆறாம் தேதி ஏறும் மலை

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி நாம் மலை ஏறினால், ஆறாம் தேதி மலை நம்மேல் ஏறும். சுவிட்சர்லாந்தில் எத்தனையோ மலைகள் உண்டு. உச்சியில் பனிமய மாதா கோயில் இருப்பதால் இந்த ஒன்றுக்கு மட்டும் இப்படி ஒரு வழக்கம். அது நம் உச்சந்தலையைத் தொட்டால்தான் வேண்டுதல் பலிக்கும். நடுவில் நாம் அசைந்துவிட்டால் பிறகு அடுத்த வருஷம்தான்.

என் வேண்டுதல் சின்னது. என் மகன்கள், மூத்தவன் செல்வினும் இளையவன் கஸ்பாரும், பேசிக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, ஒரே கட்டிடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்துகொண்டு, மூன்று வருஷமாகப் பேச்சில்லை. ஒருவனுக்கு உப்பு வேண்டுமென்றால் நான்தான் படி இறங்க வேண்டும்.

ஆறாம் தேதி காலை செபமாலையோடு புல்வெளியில் போய் நின்றேன். பையன்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மலை வந்து, "தோத்திரம்மா" என்று சொல்லிவிட்டு என் வலது பாதத்தில் ஏறியது. அதன் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் இறங்கவில்லை. முழங்காலில் மூச்சு வாங்க உட்கார்ந்தது. எனக்கு அங்கேதான் வாதம்.

"வலிக்குதா?" என்று கேட்டது.

"பரவாயில்லை, ஏறுங்க."

இடுப்பைத் தாண்டும்போது அதன் ஆடு ஒன்று என் விலாவில் குதித்தது. அந்த இடத்தில் எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம். சிரிப்பை அடக்க அடக்க உடம்பு இடப்பக்கம் சாயப் பார்த்தது.

"அம்மா, தோளைப் பிடிக்கச் சொல்லி அவன்கிட்ட சொல்லுங்க," என்றான் செல்வின்.

வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன். பேசாமல் இருந்தேன். அவன் என்னைப் பார்த்தான், மலையைப் பார்த்தான்.

"ஏலே கஸ்பாரு! அம்மா சாயுதாவ, பிடில!"

"பிடிச்சுக்கிட்டுதான நிக்கேன்! நீ மொதல்ல அந்த ஆட்ட வெரட்டு. அண்ணனாம் அண்ணன்."

"எப்படி வெரட்ட? ஒன்ன மாதிரியே முழிக்குதுல்லா!"

மலை என் தோளில் நின்றுவிட்டது. "பேசிட்டாங்களே. மீதியும் ஏறணுமா?"

"ஏறிடுங்க," என்றேன் பல்லைக் கடித்தபடி. "பாதியில விட்டா பாதிதான் பேசுவானுங்க."

பெருமூச்சு விட்டு ஏறியது. உச்சந்தலையில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவைத்துவிட்டு இறங்கிப் போனது.

மகன்கள் வழியெல்லாம் மூன்று வருஷப் பேச்சையும் பேசினார்கள். எல்லாம் சண்டைதான். எனக்குக் காது குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் மூன்று பேரும் ஏரியில் இறங்கிக் குளித்தோம்.

மறுநாள் காலை ஏரி வந்து கதவைத் தட்டியது. துண்டை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன்.