மீன்கொத்தி இருந்த பக்கம்

தீப்பெட்டி லேபிளுக்குப் படம் தேடித்தான் ராஜமணி பறவைப் புத்தகங்கள் வாங்குவார். பிடித்த பறவையைக் கத்தரித்துச் சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் புத்தகத்தை மூலையில் கடாசிவிடுவார்.

அன்று அதில் ஒன்று மனைவி ஜானகியம்மாளின் மடியில் விரிந்து கிடந்தது. மீன்கொத்தி இருந்த ஓட்டையில், அதே படம் அச்சாகி வந்த தங்கள் கம்பெனி லேபிளையே ஒட்டியிருந்தாள்.

“படம் கெடச்சிட்டுங்க. பின்பக்கத்து எழுத்துதான் போயிட்டு. இது எங்கன கூடு கட்டும்னு தெரியலையே.”

மறுநாள் கோவில்பட்டிப் புத்தகக் கடையில், படம் மட்டுமே பார்க்கிற மனுஷர் முதல்முறையாக எழுத்தையும் படித்துப் பார்த்தார். எல்லாப் பறவைக்கும் கூட்டைப் பற்றி எழுதியிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார்.

“இதுல ரெண்டு குடும்.”

“ஒரே புத்தகம் ரெண்டு எதுக்கு அண்ணாச்சி?”

“ஒண்ணு கத்தரிக்க. இன்னொண்ணு... வீட்டுல அவளுக்கு.”