நாலு மணி ஊசி

இரண்டு போன்களும் ஒரே நொடியில் அலறின. ஒன்று வக்கீல் அலுவலக மேஜையின் இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். மணி நான்கு. மகளுக்கு இன்சுலின் ஊசி போடும் நேரம்.

விவாகரத்து பேச வந்திருந்த கணவன், மனைவி இருவரும் ஒன்றாகவே அலாரத்தை அணைத்தார்கள். ஒன்பது வயது மகள் வெளியறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு உங்க முறை. போய்ப் போட்டுட்டு வாங்க," என்றாள் மனைவி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுபவள். பேச்சிலும் பிசிறு இருக்காது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் கயிற்றில் தொங்கியபடி டீ குடிக்கிற ஆள். இப்போது நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்ன, பரீட்சை வைக்கிறியா? வாரத்துல மூணு நாள் குட்டி என்கூட இருக்கணும். முடியாதுன்னா கோர்ட்டுல பாத்துக்கலாம்."

இரு தரப்பு வக்கீல்களும் சட்டென்று கோப்புகளை மூடினார்கள்.

"கோர்ட்டுக்குப் போகாம பேசி முடிப்போம்னு முதல் நாள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டோமே, ஞாபகம் இருக்கா சார்?" என்றார் அவனுடைய வக்கீல். "யாராவது கோர்ட்டுக்குப் போனா நாங்க ரெண்டு பேருமே விலகிடணும். நீங்க புது ஆளைத் தேடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இங்க பேசினதை அங்க எடுத்துட்டுப் போகவும் முடியாது."

அதற்குள் மனைவி வெளியே போய்விட்டு வந்தாள்.

"அவளே போட்டுக்கிட்டா. 'அப்பா வீட்டுல எப்பவும் நானேதான். அப்பா செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பாரு'ங்கறா."

அவளுடைய வக்கீல் பேனாவைத் திறந்தார்; யோசித்து மூடினார். கோர்ட்டாக இருந்தால் அந்த ஒரு வரியை விட்டிருக்க மாட்டார். அவனும் சத்தியம் செய்து மறுத்திருப்பான். இங்கே மறுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ஊசியைப் பாத்தாலே கண்ணு இருட்டுது," என்றான் மேஜையைப் பார்த்தபடி. "சொன்னா குட்டி என்கூட இருக்கற நாளை நீ குறைச்சிடுவியோன்னு மறைச்சேன்."

"கயித்துல தொங்குற வீரருக்கு இத்தனூண்டு ஊசிக்குப் பயம்."

மனைவி நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்து அடுத்த வாரத்தில் அவன் கேட்ட மூன்று நாட்களை வட்டமிட்டாள்.

"அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வாங்க. மருந்தில்லாத ஊசியை என் கையில குத்திப் பழகிக்கங்க. குட்டிக்கு ஊசி ஆரம்பிச்ச முதல் மாசம் நானும் நடுங்கிக்கிட்டே என் கையிலதான் பழகினேன், உங்களுக்குத் தெரியாம."