மாவுக்கு வந்த பெயர்

அடுப்பில் கஞ்சி கொதிக்காவிட்டாலும் என் புருஷன் லாக்லனுக்குக் கவலையில்லை. கில்டோரன் என்ற குலப்பெயர் இருந்தால் போதும். பள்ளத்தாக்கையே ஆளும் துரைக்கும் அதே பெயர். இதை வைத்துக்கொண்டு அவன் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் நான் என் அப்பாவின் பெயரோடுதான் இருந்தேன். அதற்கும் ஏளனம்தான்: "சில்லறைப் பேருக்காரி."

மே மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அந்தத் துரையிடமிருந்து சீட்டு வந்தது. நிலத்தைச் செம்மறி ஆடுகளுக்கு விடப்போகிறார்களாம். அக்கம்பக்கத்தில் அழுதபடி மூட்டை கட்டினார்கள். லாக்லன் மட்டும் முகம் மழித்து, நல்ல சட்டையை எடுத்து மாட்டினான்.

"சீட்டு மத்தவங்களுக்கு, எஃப்ரிக். சொந்த ரத்தத்த எவனாவது தெருவுல விடுவானா?"

"அப்ப நானும் வர்றேன். உன் சொந்தக்காரங்கள நானும் பாக்கணும்ல?"

துரை லண்டனில் இருந்தார்; எப்போதும் அங்கேதான். அவருடைய காரியஸ்தர் பெல், எங்களை நிற்க வைத்தே பேசினார்.

"நாங்க கில்டோரனுங்க, ஐயா. துரையோட குடும்பம். வீட்ட மட்டும் விட்டுருங்க," என்றான் லாக்லன்.

பெல் அலுப்போடு ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

"மேல்கரை டொனால் உன் தாத்தாவா?"

"ஆமாங்கய்யா."

"அவர் பேரு இதுல ஏறினது ஒரு பஞ்ச வருஷத்துல. அப்ப இருந்த பெரிய துரைக்குச் சண்டைக்கு ஆள் வேணும். அவர் பேர வெச்சுக்கிட்டவனுக்கெல்லாம் ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு குடுத்தாரு. உன் தாத்தாவும் வாங்கியிருக்காரு. நீ துரை ரத்தம் இல்லப்பா, மாவு ரத்தம்."

இவன் திமிரை எவனாவது அடக்க மாட்டானா என்று பதினோரு வருஷம் காத்திருந்தவள் நான். அடக்கியபோது எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்தச் சண்டையில இவரு தாத்தா ரெண்டு புள்ளைங்களப் பறிகொடுத்தாரு. அது எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

லாக்லன் கேட்டான். "அதுக்கு முன்னாடி எங்க பேரு என்னங்கய்யா?"

பெல் குனிந்து பார்த்தார். "அத எழுதலையே."

அடுத்த வாரம் எங்கள் கண் முன்னாலேயே கூரைக்குத் தீ வைத்தார்கள். கனடா போகும் கப்பலுக்காகத் துறைமுகத்தில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் குமாஸ்தா பெயர் கேட்டான்.

எந்தப் பெயரைச் சொல்வான்?

"லாக்லன் கில்டோரன்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான். "அட, கில்டோரனா! துரைக்குச் சொந்தமோ?"

லாக்லன் மார்பை நிமிர்த்தினான். "ஆமா. பங்காளிங்க."

எனக்குச் செருப்பைக் கழற்றி அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.