சாமிப் பிள்ளைக்குக் கோட்டா

"கோட்டாவில வந்தவளுக்கு நீ ஏன் கொடி பிடிக்கிறாய்? உன்ர படிப்பைப் பார்!"

"கொடி பிடிக்கேல்லை அப்பா. கை உயர்த்தப் போறன், அவ்வளவுதான்."

"அந்தக் கையைத்தான் முறிக்கவேணும்."

வேலை முடிந்து வந்த ஞானமலர், ஒரு சப்பாத்தை மட்டும் கழற்றியபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டின் அந்த அடுக்குமாடியில் கீழ்வீட்டு நோர்வேக்காரிக்கும் கேட்டிருக்கும். புரியாமல் போனது அவளுடைய அதிர்ஷ்டம். கத்தியது மகேந்திரராசா, ஞானமலரின் கணவர். எதிரே நின்றது மகள் சோபிகா. தாதியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு.

சண்டை சோபிகாவின் வகுப்பில் படிக்கும் மாரெத்தைப் பற்றியது. வடக்கே பின்மார்க்கிலிருந்து, சாமி மாணவர்களுக்கான கோட்டாவில் எடுபட்டு வந்தவள், சாமி இனத்தவள். நோர்வே என்று ஒரு நாடு வருமுன்பே அந்த மண்ணில் இருந்த சனம் அவர்கள். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த பயிற்சியில் அவளைப் பெயிலாக்கிவிட்டார்கள். வாய் திறந்து கதைப்பது குறைவாம். இன்னொரு தடவை பெயில் என்றால் படிப்பை விட்டே வெளியே. அடுத்த பயிற்சியை ஊரில், சாமி மொழி கதைக்கிற முதியவர்களோடு செய்ய விடுங்கள் என்று கேட்டிருந்தாள்.

கல்லூரிக்காரர் ஆதரவு காட்டுவதில் குறை வைக்கவில்லை. சாமி மக்கள் தினத்துக்குக் கலைமான் சூப் காய்ச்சிக் குடித்தார்கள். மாரெத்தை அவளுடைய இனத்தாரின் நீலச்சட்டையோடு நிற்கவைத்துப் படம் எடுத்து வாசலில் தொங்கவிட்டார்கள். அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டதும், எல்லாருக்கும் ஒரே விதிதானே என்று இழுத்தார்கள். கடைசியில் படிப்புக் குழு வாக்கெடுக்கட்டும் என்று தள்ளிவிட்டார்கள். குழுவில் ஆசிரியர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். மிச்சம் மாணவர் பிரதிநிதியின் கை ஒன்றுதான். அது சோபிகாவின் கை. கூட்டம் நாளைக்கு.

"சாமிப் பிள்ளை எண்டால் தேர் இழுக்கவேணுமோ?" மகேந்திரராசா தன் பகிடிக்குத் தானே சிரித்தார். குறொன்லாண்ட் தமிழ்க்கடை மிக்ஸர் வாயிலிருந்து சிந்தியது.

"அந்தப் பகிடி புளிச்சுப் போச்சப்பா."

"எனக்குக் கோட்டாவைப் பற்றிப் படிப்பிக்காத. தரப்படுத்தல் எண்டு கொண்டுவந்து, யூனிவர்சிட்டிக்கு எங்களிட்டை மட்டும் கூட மாக்ஸ் கேட்டு நாசமாக்கினவங்கள். யாழ்ப்பாணத்தில பிறந்ததுதான் நான் செய்த குற்றம். இல்லாட்டி நான் இண்டைக்கு டொக்டர்."

இந்தக் கதையை ஞானமலர் கலியாண வீட்டிலும் கேட்டிருக்கிறாள், செத்த வீட்டிலும் கேட்டிருக்கிறாள். மனிசன் சோதனைக்குப் படித்த நேரத்தைவிட அந்தச் சோதனையைப் பற்றிக் கதைத்த நேரம் அதிகம். அநியாயம் நடந்தது உண்மைதான். அந்த அநியாயத்தைச் சாய்மனைக் கதிரையாக விரித்துப் போட்டு, இவர் இவ்வளவு காலமும் அதிலே படுத்திருக்கிறார் என்பதும் உண்மைதான்.

"அப்பா, அங்கை பெரும்பான்மை எங்களிட்டை இருந்து பறிச்சது. இஞ்சை பறிகுடுத்தது மாரெத்தின்ர ஆக்கள். பள்ளிக்கூடத்தில சொந்தப் பாஷை கதைக்க விடேல்லை. ரெண்டும் ஒண்டோ?"

"கோட்டா எண்டால் கோட்டாதான். மண்டை இருக்கிறவன் முன்னுக்கு வருவான். உன்ர மாமா அருட்செல்வத்தைப் பார். மன்னாரில லாம்பு வெளிச்சத்தில படிச்சவர். இண்டைக்குப் பேர்கன்ல பெரிய டொக்டர். ஆரிட்டையும் சலுகை கேட்டவரோ?"

ஞானமலர் மற்றச் சப்பாத்தையும் கழற்றினாள். குளிர்ச்சட்டையோடேயே உள்ளே போனாள்.

"இஞ்சேருங்கோ, என்ர அண்ணா எப்பிடி மெடிசினுக்கு எடுபட்டவர்?"

"மண்டையால."

"மன்னார்க் கோட்டாவால. பின்தங்கின மாவட்டம். அதே மாக்ஸோட யாழ்ப்பாணத்தில இருந்து போயிருந்தால் வாசலையும் காட்டியிருக்க மாட்டினம். கோட்டா கதவைத் திறந்துதான் விட்டது. உள்ளுக்குப் போய்ப் படிச்சது அவர்."

மிக்ஸர்க் கிண்ணத்துக்குப் போன கை நடுவழியில் நின்றது.

"இதை ஏன் நீ இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"கலியாணம் பேசேக்கையே சொன்னது. டொக்டர் மச்சான் எண்டு கேட்டதோட உங்களுக்குக் காது அடைச்சுப் போச்சு. இடுப்பு நோவெண்டால் அவருக்குத்தானே போன் எடுக்கிறியள்? கோட்டா டொக்டர் சொன்ன மருந்து இடுப்புக்குள்ள போகமாட்டன் எண்டதோ?"

சோபிகா சிரிப்பை அடக்க, சோபாவில் கிடந்த தலையணையை எடுத்துக் கடித்தாள்.

"அது வேற, இது வேற," என்றார் மகேந்திரராசா. பதில் இல்லாதபோது அவர் சொல்லும் பதில் அதுதான். பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஞானமலர் மகளிடம் திரும்பினாள். "நாளைக்குக் கையை நல்லா உயர்த்து. அரைவாசியில நிப்பாட்டாத."

சோபிகா உயர்த்தினாள். அந்த ஒரு கையால் மாரெத் ஊருக்குப் போனாள், பயிற்சியைச் செய்து சித்தியடைந்தாள். வாய் திறப்பதில்லை என்று பேரெடுத்தவள் அங்கே முதியவர்களோடு ஓயாமல் கதைத்தாளாம். சோபிகாவுக்கு மட்டும் "தக்" என்று நோர்வே மொழியில் ஒற்றைச் சொல்லில் நன்றி அனுப்பியிருந்தாள். கல்லூரி அவளுடைய படத்தை இன்னும் பெரிதாக்கித் தொங்கவிட்டு, 'எங்கள் ஆதரவின் வெற்றி' என்று கீழே எழுதியது. எதிர்த்துக் கை தூக்கிய ஆசிரியர்களும் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது மகேந்திரராசாவின் குரல் எல்லாருக்கும் மேலால் கேட்டது.

"அந்தச் சாமிப் பிள்ளையைத் தூக்கிவிட்டது எங்கட மகள்தான். அநியாயம் எண்டால் என்ன எண்டு நான் வீட்டில சொல்லிக் குடுத்து வளத்தனான் எல்லோ?"

"அண்ணா எடுபட்ட கதையையும் சொல்லுங்கோவன்," என்றாள் ஞானமலர், நாலு மேசைக்குக் கேட்க.

மகேந்திரராசாவுக்குக் கோப்பி புரையேறியது.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் குடும்பத்திலும் மாவட்டக் கோட்டாவில் எடுபட்டு டொக்டரோ எஞ்சினியரோ ஆன ஒருவர் இருப்பார். அவரை நினைத்துக்கொண்டே, சாமிப் பிள்ளைகளுக்குக் கோட்டா கூடாது என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? வரும், வராது, எதுவானாலும் காரணத்தோடு கீழே எழுதுங்கள். மகேந்திரராசாக்களும் எழுதலாம். 'அது வேற, இது வேற' என்று மட்டும் எழுதவேண்டாம்.