முதல் விருப்பம்: காலாட்படை

எங்கள் வீட்டில் காலாட்படையைப் பற்றி யாரும் குறைவாக ஒரு வார்த்தை பேசமாட்டோம். அண்ணன் அதில் லெப்டினன்டாக இருந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்துவிட்டு வந்தவன். முன்னறையில் ஜன்னலோரக் கட்டில்தான் அவன் இடம். செய்தியில் சண்டை என்று வந்தால் போதும், அம்மா டிவியை அணைத்துவிட்டு, கரண்ட் போய்விட்டது என்பாள். மின்விசிறி பாட்டுக்குத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

தம்பி ராணுவ அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் கொடுத்தது போதாதா? ஆனால் அவன் சிவில் எஞ்சினியர். பாலம் என்றால் அவனுக்கு உயிர். "பொறியாளர் படைதான்க்கா. பாலம் கட்டுற வேலை" என்று என்னைத் தாஜா செய்தான். நானும் மசிந்தேன்.

விண்ணப்பத்தில் மூன்று பிரிவுகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். தம்பி அதை அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறான். முதலில் காலாட்படை, இரண்டாவதுதான் பொறியாளர் படை. அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"கத்தாதக்கா. அண்ணன் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, அவன் இருந்த படையை ரெண்டாவதா எப்படி எழுதுறது? காலை வீணாக் குடுத்துட்டோம்னு நினைக்கமாட்டானா?"

"அதுக்காக?"

"சும்மா ஒரு மரியாதைக்குத்தான். படிப்பைப் பார்த்துதான் பிரிவு குடுப்பாங்க. எஞ்சினியரை வேற எங்கயும் விடமாட்டாங்க."

நேர்முகத்தில் அவனைக் கேட்டார்களாம், இவ்வளவு படித்துவிட்டு ஏன் காலாட்படை என்று. எங்கள் அண்ணன் இருந்த இடம் என்றிருக்கிறான். குழுத் தலைவர் எழுந்து வந்து கைகொடுத்தாராம். அவன் அதைப் பெருமையாகச் சொன்னான்.

உத்தரவு வந்தது. காலாட்படை.

அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டான். "நெஜமாவே உனக்கு இதுதான் ஆசையாடா?"

தம்பி தரையைப் பார்த்தான். என்னால் அடக்க முடியவில்லை. "உனக்காகப் போட்டான். உன் மனசு நோகக் கூடாதாம்."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "வேற எதையாவது எழுதித் தொலைடான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நீ ஆசைப்பட்டு எழுதுறியேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"மாத்தித் தரச் சொல்லிக் கேட்கலாமே" என்றேன்.

"கேட்கலாம். பயந்து மாத்தினவன்ங்கிற பேரு இவனுக்கு முன்னாடி அங்க போய் உட்கார்ந்திருக்கும். பயிற்சிக்கு அப்படி வந்த ஒருத்தனை நாங்க படுத்தின பாடு எனக்குத் தெரியும்."

உள்ளே அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

கிளம்புகிற அன்று தம்பி கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினான். அண்ணன் குனிந்து, அவனுடைய இடது கால் கயிற்றை இறுக்கிக் கட்டினான். கட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. "நேரமாகுதுண்ணா" என்று தம்பிதான் மெல்ல விடுவித்துக்கொண்டான்.

வாசல் கதவு சாத்தியதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "செய்தி போடு" என்றான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து டிவிக்கு எதிரில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போவதே இல்லை.