ஸ்டைனாரின் கணவாய்

ஸ்டைனார் எங்கள் ஆய்வுக் கப்பலில் வலை இழுப்பவன். ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வந்த வலையில், ஜெல்லி என்று நினைத்து மற்றவர்கள் வாரிக் கொட்டப்போனதை அவன்தான் வாளியில் ஏந்தினான். விரல் நீளக் கண்ணாடிக் கணவாய். தண்ணீருக்குள் அதன் உடம்பே தெரியவில்லை. காம்புகளின் நுனியில் இரண்டு கண்கள், நடுவில் நெற்கதிர் போல நீண்ட ஈரல், அவ்வளவுதான். வாளியைச் சாய்த்தபோது உடம்பு சாய்ந்தது. ஈரல் மட்டும் செங்குத்தாகவே நின்றது. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு நிழல் தெரியாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

அடுத்த பயணத்தில் ஒரு பேரலை அவனைத் தளத்திலிருந்து அடித்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. வயது இருபத்தாறு.

எங்கள் அருங்காட்சியகத்தில் கணவாய்களை வகைப்படுத்துகிற குன்வோர், அவன் வாளியில் ஏந்தியதை இரண்டு வருடம் ஆராய்ந்தாள். கண்ணுக்கு அடியில் ஒளி உறுப்புகள் நான்கே இருந்தன; அதுவரை தெரிந்த எந்த இனத்திலும் அப்படி இல்லை. புதிய இனம் என்று வெளியிட்டு, ஸ்டைனாரின் பெயரை வைத்தாள். அவன் அப்பா தோர்லைஃப் பழைய மீனவர். ஒவ்வொரு மார்ச்சிலும் மகனின் பிறந்தநாளன்று அஸ்கோய் தீவிலிருந்து பேருந்தில் அருங்காட்சியகத்துக்கு வந்து, ஜாடிச் சாராயத்தில் வெளுத்துப்போன அந்த உயிரின் முன் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவருக்கு வேறு கல்லறை இல்லை.

பெயர் வைத்த ஏழாம் வருடம் ஒரே வலையில் பன்னிரண்டு கணவாய்கள் வந்தன, விரல் நீளத்திலிருந்து முழ நீளம் வரை. குன்வோர் வரிசையாக அடுக்கினாள். வளர வளரக் காம்பு சுருங்கி, கண் தலையோடு ஒட்டியது. ஒளி உறுப்புகள் நான்கு, எட்டு, பதினான்கு என்று கூடின. கடைசியில் கிடந்தது நூறு வருடங்களுக்கு முன்பே பெயர் பெற்ற இனம். மரபணுவும் அதையே சொன்னது. ஸ்டைனாரின் கணவாய் அதன் குஞ்சு.

"இத இப்ப கட்டுரையா எழுதாத," என்றேன். நான் ஜாடிகளைப் பராமரிப்பவன். "தோர்லைஃபுக்கு எண்பத்தொண்ணு. அவர் காலம் முடியட்டும். அதுவரைக்கும் யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?"

"நான் எண்ணிட்டேனே," என்றாள்.

மார்ச்சில் தோர்லைஃப் வந்தார். காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"அப்போ அப்படி ஒண்ணு கடல்லயே இல்லையா?"

"இருக்கு. ஆனா தனி இனம் இல்ல. பழைய பேருதான் நிக்கும்."

"புதுசா ஒண்ணு கிடைச்சா அவன் பேர வச்சிடேம்மா."

"இதே பேரினத்துல வைக்க முடியாது. ஒரு தடவ வச்ச பேர இன்னொண்ணுக்கு வைக்கக் கூடாதுங்கறது விதி."

அவர் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு, "எங்க ஊர்ல மீன் பிடிக்கிறவன்கூட, குஞ்சா பெருசான்னு பாத்துட்டுத்தான் கூடையில போடுவான்," என்றார்.

குன்வோர் தலை நிமிரவில்லை. பேருந்து நிறுத்தம் வரை வருகிறேன் என்று நான் எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மழையில் இறங்கிவிட்டார்.

ஜூனில் கட்டுரை வெளிவந்தது, இரண்டே பக்கம். ஒரு பிரதியை அவருக்கு அனுப்பினாள். பதில் இல்லை. தொலைபேசியையும் அவர் எடுக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் ஸ்டைனாரின் பிறந்தநாளன்று குன்வோர் காலையிலேயே காபி போட்டு வைத்தாள். அஸ்கோய்ப் பேருந்துகள் வந்து வந்து போயின. ஐந்து மணிக்கு, "பூட்டிடு," என்றாள்.