இடைவெளி இல்லாத சேவை

நீண்ட சேவைப் பதக்கத்துக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்த நிலையில், முகாமின் வாயிற்காவலர் ஒரு நடுப்பகலில் காவல் கூண்டில் நின்றபடியே இறந்துபோனார். மாற்றாள் வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. ஆதலால் அவர் கீழே விழவில்லை. தாமதமாக வந்தவனிடம் துப்பாக்கியையும் சாவிக்கொத்தையும் முறைப்படி ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

அந்தப் பதக்கத்துக்குச் சேவையில் ஒருநாள்கூட இடைவெளி விழக்கூடாது. மனைவியின் அண்ணன் அதே முகாமில் சமையல்காரர். அவர் அதை ஏற்கெனவே வாங்கி, வெங்காயம் நறுக்கும்போதுகூட மார்பில் குத்திக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை பாதியில கழண்டுக்கிற ஆளு" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார். ஆகவே மறுநாள் காலை காவலர் சவரம் செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

"செத்தும் லீவு போட மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"லீவு போட்டா சர்வீஸ்ல சேரும். சாவு சேராது."

முகாமில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அவருக்கு வியர்க்காததால் சட்டை மாலைவரை மொடமொடவென்று இருந்தது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி புதியவர்களுக்கு உத்தரவு போட்டார்கள். கொசுவும் கடிப்பதில்லை. ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனைதான் கண்டம். தேறாதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவர் இரண்டு மணிக்கட்டையும் மாறிமாறிப் பிடித்துப் பார்த்தார்.

"நாடியே இல்லையேப்பா."

"நிக்கிறதுக்கு அது தேவைப்படலீங்க ஐயா."

பல், காது, பாதம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஓட வேண்டாம், நிற்கலாம் என்று தேறியதாக எழுதிவிட்டார். அடுத்த இரண்டு முறையும் அப்படியே நடந்தது.

மூன்றாம் ஆண்டு முடிவில் அணிவகுப்புத் திடலில் தளபதி பதக்கத்தைக் குத்தினார். ஊசி சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கியதை இருவருமே கவனிக்கவில்லை. சமையல்காரர் மூன்றாம் வரிசையில் நின்று கைதட்டினார், வேறு வழியில்லை. வீட்டில் மனைவி கூடத்தில் பாய் விரித்து வைத்திருந்தாள். மூன்று ஆண்டுகளாக அழ நேரம் கிடைக்காதவள், இன்றோடு முடிந்தது என்று அக்கம்பக்கத்தாரையும் வரச் சொல்லியிருந்தாள். அவர்கள் கைக்குட்டையோடு வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

காவலர் பாயைப் பார்த்தார். உட்காரவில்லை.

"இன்னும் பத்து வருஷம் இருந்தா, ரிப்பன் மேல குத்துறதுக்கு வெள்ளிப் பட்டை ஒண்ணு தருவாங்களாம்" என்றார்.

மனைவி கேட்டாள்:

"எங்கண்ணனுக்கு அது இருக்கா?"

"இல்ல."

அவள் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு அவருடைய சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, மறுநாளைக்குத் தேய்த்து வைக்கப் போனாள்.